வலது பக்கத்து ஜன்னல்

ஜனவரி 4, சனி

டாக்டர் இன்று மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆறு மாதம் கழித்து ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கூட வந்திருந்த இவர்தான், என் வீட்டுக்காரர், கேட்டார். அக்டோபரில் ஒரு நாள் காலை தூங்கி எழுந்தபோது போயிருந்த என் வலது காது இனித் திரும்பாது என்று அர்த்தம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து எடுத்த படத்தை டாக்டர் காட்டினார். இடது காதின் கோடு மேலே ஒழுங்காகப் போகிறது. வலது காதின் கோடு தாளின் அடியில் கிடக்கிறது.

வரும்போது ஸ்கூட்டரில் இவர் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். ஹெல்மெட், காற்று. தில்லைநகர் சிக்னலில் நின்றபோதுதான் கேட்டது. "இன்னொண்ணு நல்லா இருக்குல்ல, சாரு" என்றார். ஆமாம் என்றேன். மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர். ஒரு லைன் போனால் இன்னொரு லைனிலிருந்து சப்ளை கொடுத்துப் பழகியவர்.

இருபத்திரண்டு வருஷமாக மேடையில் வயலின் வாசிக்கிறேன். இதை எழுதும்போதாவது ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன்.

அவரைக்காய் அரைக் கிலோ வாங்கினேன். முற்றல்.

ஜனவரி 5, ஞாயிறு

மாவு புளித்துவிட்டது. நாளைக்கு ஊத்தப்பம்.

ஜனவரி 9, வியாழன்

கோயம்புத்தூரிலிருந்து கவின்மொழி பேசினாள். ஹாஸ்டலில் சாம்பார் சரியில்லை, செமஸ்டர் லீவுக்கு வரமாட்டேன், அம்மா நீ ஏன் கத்திப் பேசுகிறாய். கத்துகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் மூன்று பேருக்கு இந்த விஷயம் தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது. சாயங்காலம் வரும் இரண்டு மாணவிகளையும் என் இடது பக்கம் உட்காரவைக்கிறேன். ஃபேன் காற்று அங்கேதான் வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

போன காதுக்குள் ஒரு இரைச்சல் இருக்கிறது. பஞ்சமத்துக்கு மயிரிழை கீழே. சுருதி சேராத ஒருவர் தலைக்குள் உட்கார்ந்து விடாமல் பாடுகிறார். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. காபி வேண்டுமா என்று கேட்கலாம்போல் இருக்கிறது.

வெளியே சொல்ல முடியாது. இந்தத் துறையில் ஒரு வார்த்தை போதும். மூன்று வருஷத்துக்கு முன்னால், எங்கள் ஊர் வயலின்காரர் பரமசிவம் சாருக்கு விரல் நடுங்குகிறது என்று யாரோ ஒரு சபா செயலாளரிடம் சொன்னார்கள். அந்த மார்கழிக்கு அவருக்கு ஒரு கச்சேரியும் இல்லை. அடுத்த மார்கழிக்கும் இல்லை. நடுக்கம் உண்மைதான். ஆனால் காபி தம்ளரைப் பிடித்தால்தான் நடுங்கும். வில்லைப் பிடித்தால் நின்றுவிடும்.

ஜனவரி 17, வெள்ளி

மத்தியானம் புது நம்பரிலிருந்து போன். ஏதோ லோன் கொடுக்கிறவர்கள் என்று நினைத்து வேண்டாம் என்றேன். "என்ன வேண்டாம்? இன்னும் நான் ஒண்ணும் கேட்கலையே" என்றது ஒரு பெண் குரல். லோகநாயகி அம்மா.

பெரிய பாடகி; அவரே பேசுகிறார் என்று புரிய நேரம் ஆனது. அந்த உயரத்தில் இருக்கிறவர்கள் தானாகப் போன் செய்ய மாட்டார்கள். ஒரு மாணவியோ மருமகனோ பேசுவார். வழக்கமாக வாசிக்கும் வயலின்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாராம். பிப்ரவரியில் நான்கு ஊர்: திருநெல்வேலி, கோவில்பட்டி, காரைக்குடி, தஞ்சாவூர். "வருவியா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் போனை எந்தக் காதில் வைத்திருக்கிறேன் என்று பார்த்தேன்.

அவரைப் பற்றிக் கேட்டதையெல்லாம் எழுதி வைக்கிறேன். பக்கவாத்தியக்காரர்களோடு சாப்பிட மாட்டார். தனிக் காரில்தான் வருவார். ஒருமுறை கச்சேரி நடுவில் வயலின்காரரைப் பார்த்து, "நீ சும்மா சுருதியைப் பிடிச்சுக்கிட்டு இரு, போதும்" என்று மைக்கிலேயே சொன்னார்.

ஜனவரி 18, சனி

முதலிலேயே சொல்லிவிடு என்கிறார் இவர். சொன்னால் கூப்பிட மாட்டார்கள் என்றேன். "வாசிக்கறது கைதானே?" என்றார். சாப்பாட்டு மேஜையிலேயே விளக்கினேன். ஊறுகாய் பாட்டில் லோகநாயகி அம்மா. சபையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வலது பக்கம் மிருதங்கம், அது நெய்க்கிண்ணம். இடது பக்கம் வயலின், உப்பு ஜாடி. உப்பு ஜாடி நான். நானும் சபையைப் பார்த்தபடிதான் இருப்பேன். அப்படியானால் அவர் குரல் எனக்கு எந்தப் பக்கம்?

பார்த்தார். வலது பக்கம் என்றார். உப்பு ஜாடியை எடுத்து பாட்டிலுக்கு மறுபக்கம் வைத்தார். "இப்படி உட்காரக்கூடாதா?"

கூடாது. மிருதங்கத்தில் வலது கை வாசிக்கும் முகம், வலந்தலை, சபையைப் பார்த்து இருக்கவேண்டும். இடம் மாறினால் அது பின்சுவரைப் பார்க்கும். எனக்காக யார் மாறுவார்கள்? இடது காதுப் பக்கம் என் வயலின் இருக்கிறது. நான் வில் போட்டவுடன் அந்தக் காதை அது நிறைத்துவிடும். இப்போதெல்லாம் மேடையில் குட்டி ஸ்பீக்கர் வைக்கிறார்கள். ஒற்றைக் காதில் அதுவும் சந்தைக் கூச்சல்தான்.

"அப்போ எப்படி வாசிப்பே?"

தொண்டையைப் பார்த்து வாசிப்பேன் என்றேன். அவர் நெய்க்கிண்ணத்தை எடுத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டார்.

பிப்ரவரி 6, வியாழன். திருநெல்வேலி

தனிக் கார் இல்லை. வேன். லோகநாயகி அம்மாவும் கடம் வாசிக்கும் கோபுவும் சென்னையிலிருந்து ரயிலில் வந்து திருச்சியில் ஏறினார்கள். மிருதங்கம் சிதம்பரநாதன் சார் மதுரை பைபாஸில் ஏறினார். அறுபத்தைந்து வயதுக்குக் குறையாது. ஏறியவுடன் யார் முகத்தையும் பார்க்காமல் மிருதங்கத்தை சீட்டில் படுக்கவைத்து, துண்டை மடித்து அதன் தலைக்கு அடியில் வைத்தார்.

நான் முதலிலேயே ஏறி டிரைவருக்குப் பின்னால் வலது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். அங்கே இருந்தால் பேசுகிறவர்கள் எல்லாரும் என் இடது பக்கம்தான் இருக்க முடியும்.

லோகநாயகி அம்மா வேர்க்கடலையை உடைத்து உடைத்துத் தன் மடியில் தோலும் எங்கள் கையில் பருப்புமாகப் போட்டுக்கொண்டே வந்தார். சாத்தூர் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, முதல் டீயை டிரைவருக்குக் கொடுக்கச் சொன்னார். அம்மா என்று கூப்பிட்டேன். "லோகாம்மான்னு கூப்பிடு. அம்மான்னா எங்க வீட்டு வேலைக்காரி ஞாபகம் வருது. அவதான் என்னை அதட்டறதுக்கு முன்னாடி அம்மான்னு ஆரம்பிப்பா" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாளைக் கச்சேரி வரைக்கும்தான் இது என்று தெரிந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

இரண்டு பாட்டு தப்பித்தேன். தொண்டை, கை, தாளம் போடும் விரல். கற்பனை ஸ்வரம் பாடும்போது அவர் முடிக்கும் இடத்தில் மோவாய் சற்று இறங்குகிறது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது பாட்டு முடிந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். லோகாம்மா என் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். அடுத்த ராகத்தின் பெயராக இருக்கும்; எல்லாரும் அப்படிச் சொல்வது வழக்கம். தலையாட்டினேன். பாட ஆரம்பித்தால் இரண்டாவது சங்கதியில் ராகம் தெரிந்துவிடும், பின்னாலேயே போய்விடலாம் என்று நினைத்தேன்.

அவர் பாடவில்லை. தண்ணீர் குடித்தார். தம்ளரை வைத்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சபை எங்கள் இருவரையும் பார்த்தது. யாரோ இருமினார்கள். அது இடது காதில் மிகத் தெளிவாகக் கேட்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அவரே சாவேரியை ஆரம்பித்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

பிறகுதான் புரிந்தது. "சாவேரி. நீ ஆரம்பி" என்று சொல்லியிருக்கிறார். தொண்டை கட்டியிருந்ததால் கொஞ்சம் ஓய்வு வேண்டியிருந்திருக்கிறது. ஒரு வயலின்காரிக்குப் பெரிய வித்வான் மேடையில் கொடுக்கும் மரியாதை அது. நான் தலையாட்டிவிட்டு சும்மா இருந்திருக்கிறேன்.

கச்சேரி முடிந்தது. இட்லி சாப்பிட்டோம். கோபு கடத்தைத் துணி சுற்றி, சாக்கில் போட்டு, அதன்மேல் இன்னொரு துணி சுற்றினார். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 8, சனி

சிதம்பரநாதன் சார் ஊருக்குப் போகிறார். காலையில் லாட்ஜ் வாசலில் பையோடு நின்றார். முழங்கால் வீங்கிவிட்டது, சம்மணம் போட முடியவில்லை, காரைக்குடிக்கே போய் வைத்தியரைப் பார்க்கிறேன் என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். நேற்று மேடையில் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

என்னோடு வாசிக்க விருப்பமில்லை. அவ்வளவுதான். கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் முழங்காலைத்தான் சொல்லியிருப்பேன்.

லோகாம்மா என்னை அனுப்பிவிடுவார் என்று பெட்டியை மூடியே வைத்திருந்தேன். பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினார். அனுப்பத்தான் என்று எழுந்தேன். அவர் அறையில் பல்லி. டியூப்லைட்டுக்குப் பின்னால் இருந்தது. துடைப்பத்தால் ஜன்னல் வழியாக விரட்டினேன். அதுவரை வராந்தாவில் புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "போயிடுச்சா? சத்தியமா போயிடுச்சா? வால் மட்டும் கிடக்குதான்னு பாரு."

அப்புறம் என் அறைக்கு வந்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் பேசினார். எந்தக் கடையில் முறுக்கு நல்லது, மருமகள் எப்படி மாமியாரின் பழைய ரெக்கார்டிங்கையெல்லாம் துணி மடிக்கும்போது போட்டுக் கேட்கிறாள், அதில் தப்பு வரும் இடத்தில் எப்படி வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டுகிறாள். சாவேரியைப் பற்றிப் பேச்சே இல்லை. கிளம்பும்போது, "நாளைக்கு அமல்ராஜ் வர்றான் மிருதங்கத்துக்கு. நல்ல பிள்ளை. வாய் மட்டும் மூடாது" என்றார்.

மைக்கில் சொன்ன கதையைக் கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. சிரித்தார். அன்றைக்கு அந்த வயலின்காரருக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலாம். போ என்றாலும் எழுந்து போக மாட்டேன் என்றாராம். "சும்மா இரு, படுத்துராதேன்னு சொன்னேன். ஊர் அதை வேற மாதிரி பாடிடுச்சு."

பிப்ரவரி 9, ஞாயிறு. கோவில்பட்டி

மேடையில் என் இடத்தில் விரிப்பைச் சரிசெய்து உட்காரப் போனேன். "அக்கா, எந்திரிங்க. அது என் இடம்" என்றான் அமல்ராஜ். முப்பத்தைந்து வயது இருக்கும். தஞ்சாவூர்க்காரன். அப்பா மிருதங்கம் செய்கிறவர்.

இடது கைக்காரன். இடது கைக்காரர் வாசித்தால் மிருதங்கம் பாடகருக்கு இடது பக்கம் வரும். வயலின் வலது பக்கம் போகவேண்டும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் நான் அப்படி உட்கார்ந்து வாசித்தது வாழ்க்கையில் இரண்டே தடவை. நினைவிலேயே இல்லை.

"என்னால எல்லா வயலினும் இடம் மாறணும்க்கா. முன்னாடி சிரிப்பாங்க, பின்னாடி திட்டுவாங்க. சின்ன வயசுல எங்கப்பா என் இடது கையைக் கட்டிப் போட்டுப் பார்த்தார். பல்லால வாசிச்சிருவானோன்னு பயந்து அவுத்து விட்டுட்டார்."

லோகாம்மா என் இடது பக்கம் வந்தார். கேட்டது. மூச்சு எடுப்பது, எச்சில் விழுங்குவது வரை. மோகனத்தில் அவர் கீழே இறங்கி ரகசியம்போல் பாடியதை நானும் அப்படியே ரகசியமாகத் திருப்பிச் சொன்னேன். "பேஷ்" என்றார்.

அதிர்ஷ்டம். சிதம்பரநாதன் சாருக்கு முழங்கால் வீங்கியது என் அதிர்ஷ்டம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று கச்சேரி இல்லை. மதுரையில் தங்கல். புடவை துவைத்தேன். லோகாம்மாவும் துவைத்து என் ஜன்னலில் காயப்போட்டார். அவர் ஜன்னலில் வெயில் இல்லை. நால்வருமாகப் போய் பரோட்டா சாப்பிட்டோம். கோபு ஒன்பது. அமல்ராஜ் எண்ணினான். கடத்துக்குள் போட்டு எடுத்துப் போகலாம் என்று யோசனை சொன்னான்.

இவர்களோடு இருப்பது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நினைத்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாக எல்லாரோடும் வாசித்திருக்கிறேன். யாரோடும் பேசினதில்லை. கச்சேரி முடிந்ததும் பெட்டியை மூடிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவள் நான். பெரியவர்கள் எட்ட முடியாதவர்கள் என்று சொல்லிக்கொண்டது நான்தான். எட்டிப் பார்த்ததில்லை.

திரும்பும்போது லோகாம்மா கேட்டார். "உங்க ஊர் பரமசிவம் எப்படி இருக்கார்? போன வருஷம் அவரைக் கேட்டுப் பார்க்கலாம்னு இருந்தேன். இனிமே அவரால முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

நன்றாக இருக்கிறார் என்றேன்.

ஜனவரியில் இந்த நோட்டில், யாரோ செயலாளரிடம் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போதே தெரியும். சொன்னது நான். செயலாளர் போனில் சும்மா விசாரித்தார். பாவம், விரல் நடுங்குகிறது, இனி முடியுமா தெரியவில்லை என்றேன். பரிதாபமாகத்தான் சொன்னேன். அந்த மார்கழியில் அவருடைய கச்சேரிகளில் மூன்று எனக்கு வந்தன. வாசித்தேன்.

பிப்ரவரி 13, வியாழன். காரைக்குடி

கச்சேரிக்கு முன் சபாக்காரர்கள் பந்தியில் சாப்பாடு போட்டார்கள். தரையில் இலை. சிதம்பரநாதன் சார் வந்திருந்தார்; சொந்த ஊர், வராமல் இருப்பாரா. என் எதிர்வரிசை. வந்தார், வேட்டியை ஒதுக்கினார், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையைக்கூட ஊன்றவில்லை. இரண்டாவது முறை ரசம் வாங்கிக்கொண்டிருந்தபோது என்னைப் பார்த்தார். மெதுவாக ஒரு காலை நீட்டி முழங்காலைத் தடவ ஆரம்பித்தார்.

அமல்ராஜ் தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் மூடியிருந்தது.

முழங்கால் குணமாகிவிட்டது போலிருக்கிறது. நல்லது.

கச்சேரி சரியாக நடந்தது. கல்யாணி விஸ்தாரமாக. சிதம்பரநாதன் சார் முதல் வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் உட்கார வேண்டிய மேடை.

அறைக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். லாட்ஜில் லோகாம்மா கட்டிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து உட்கார்ந்தார். கோபு என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் இடது தோளைத்தான் தொடுகிறார். திருநெல்வேலிக்குப் பிறகு வேனில் முன் சீட்டில் வெயில் அடிக்கிறது என்று சொல்லி லோகாம்மா என் பக்கத்தில் வந்துவிட்டார். மேகமூட்டமாக இருந்த நாள் அது. இடது கை மிருதங்கம் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள், ஒரே ராத்திரியில் ஒருவன் எப்படிக் கிடைத்தான்.

எல்லாருக்கும் தெரியும்.

இது தெரிந்தவுடன் அவமானமாக இருக்கவேண்டும், அல்லது நன்றியாக. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. தேங்காய் எண்ணெய் பாட்டில் திரும்பி வரவில்லை என்பது மட்டும் ஞாபகம் வந்தது. லோகாம்மா வாங்கிக்கொண்டு போன பாட்டில்.

பிப்ரவரி 14, வெள்ளி

வேனில் ஏறினேன்.  வலது பக்கத்து ஜன்னல் எனக்காகக் காலியாக இருந்தது. சீட்டின்மேல் லோகாம்மாவின் கைக்குட்டை போட்டிருந்தது, பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல.

பிப்ரவரி 15, சனி. தஞ்சாவூர்

அமல்ராஜ் இன்று இல்லை. முன்பே ஒப்புக்கொண்ட கச்சேரி ஒன்று கும்பகோணத்தில். சபா நோட்டீஸிலும் சிதம்பரநாதன் சார் பெயர்தான் போட்டிருந்தது. அவரே வந்துவிட்டார். மேடையில் வழக்கம்போல மிருதங்கத்துக்கு வலது பக்கம், வயலினுக்கு இடது பக்கம். மைக்குகள் அப்படியே நின்றன. திரை இன்னும் விலகவில்லை. சபை நிறைந்துகொண்டிருந்தது, நாற்காலிச் சத்தம்.

வயலினோடு படியில் நின்றேன். லோகாம்மா நடுவில் உட்கார்ந்து சுருதிப் பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தார். சிதம்பரநாதன் சார் தன் இடத்தில் உட்கார்ந்து, மிருதங்கத்தை மடியில் ஏற்றாமல் வைத்திருந்தார். கோபு பின்னால் கடத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு மூன்று பேரும் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

சும்மா போய் உட்கார்ந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். தொண்டையைப் பார்த்து வாசிக்கலாம். முக்கால்வாசி தப்பித்துவிடுவேன்.

"எனக்கு வலது காது கேட்காது" என்றேன். "அக்டோபர்லேர்ந்து. இனிமே வராது. நான் இந்தப் பக்கம் உட்காரணும்."

மைக் வைக்கிறவர் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் சேர்த்துத்தான் சொன்னதுபோல் இருந்தது.

சிதம்பரநாதன் சார் உடனே எழுந்தார். இரண்டு கையாலும் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டார். "அப்பாடா" என்றார். "எத்தனை நாள்தான் நான் முழங்காலைப் பிடிச்சிக்கிட்டுத் திரியறது? என் சம்சாரம் நிஜமாவே தைலம் தேய்க்க ஆரம்பிச்சுட்டா."

சபா செயலாளர் ஓடி வந்தார். ஐயா, வலந்தலை பின்னால் போய்விடுமே, ரசிகர்கள் என்ன சொல்வார்கள், நம் சபாவில் இப்படி இருந்ததே இல்லையே என்றார். "மைக்கு எதுக்குய்யா வெச்சிருக்கே? அதைப் பின்னாடி திருப்பி வை. இதோ பாரு, நான் சுவரைப் பார்த்து வாசிச்சாலும் உனக்குக் கேட்கும்" என்றார் சார். எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். பின்சுவரைப் பார்த்துக்கொண்டு அந்த வலந்தலை இருந்தது. நாற்பத்தைந்து வருஷம் சபையைப் பார்த்த தலை அது.

நான் லோகாம்மாவின் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"சாவேரியில. நீ தலையாட்டினே பாரு, அப்ப. கேட்டவ ஆட்டற மாதிரி இல்ல அது, கேட்காதவ ஆட்டற மாதிரி இருந்தது. முதல் நாள் வேன்ல வலது ஜன்னலை ஓடிப்போய்ப் பிடிச்சதும் அப்பதான் ஞாபகம் வந்தது."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீயே சொல்லாததை நான் எப்படிச் சொல்றது? இடத்தை மாத்தி உட்காரச் சொன்னா ஊரே ஏன்னு கேட்கும். அமல் வந்தா யாரும் கேட்க மாட்டாங்க." சுருதியைச் சரிபார்த்தார். "இதை வெச்சு உன்னை யாரும் தள்ளிட முடியாது. எனக்கு மேல் ஸ்தாயி போயி ஆறு வருஷம் ஆச்சு. சுருதியை அரைக்கட்டை இறக்கிப் பாடறேன், எந்தப் பேப்பர்லயும் எவனும் எழுதலை. சிதம்பரத்துக்கு ரெண்டு கண்ணும் ஆபரேஷன். இந்த மேடையில முழுசா இருக்கறது கடம் ஒண்ணுதான்."

"அதுவும் போன வருஷம் ரயில்ல உடைஞ்சு புதுசு வாங்கினதும்மா" என்றார் கோபு.

திரை விலகியது.

நான்காவது பாட்டுக்கு முன் தண்ணீர் குடித்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "சாவேரி. நீ ஆரம்பி."

ஆரம்பித்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று கச்சேரி முடிந்ததும் மூன்று பேர் வந்து ஏன் இடம் மாறி உட்கார்ந்தீர்கள் என்று கேட்டார்கள். மூவருக்கும் சொன்னேன். முதல் ஆளிடம் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது ஆளிடம், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் வந்தது. அதற்குள் ஊர் முழுக்கப் போயிருக்கும்.

வீட்டில் இரண்டு நாள் பாத்திரம். இவர் தோசைக்கல்லைச் சுரண்டி வைத்திருக்கிறார். சொல்லிவிட்டேன் என்றேன். ம் என்றார். சற்று நேரம் கழித்து மேஜையில் உப்பு ஜாடியை எடுத்து ஊறுகாய் பாட்டிலுக்கு வலது பக்கம் வைத்தார். இனி அதன் இடம் அதுதான்.

பரமசிவம் சார் நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்று கூப்பிடவில்லை.

பிப்ரவரி 19, புதன்

ஒரு சபா செயலாளர் போன் செய்தார். மார்ச்சில் ஒரு கச்சேரி, இளம் பாடகர். தேதி சரி என்றேன். ஒரு விஷயம் சொல்லணும் என்று ஆரம்பித்துச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "மிருதங்கம் யாருன்னு பார்த்துட்டுச் சொல்றேன்மா" என்றார்.

பிப்ரவரி 21, வெள்ளி

அந்தச் செயலாளர் இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார் என்று நினைக்கிறேன். இதுவும் என்னைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மாவு அரைத்தேன்.

மத்தியானம் லோகாம்மா கூப்பிட்டார். தேங்காய் எண்ணெய் பாட்டில் அவர் பையில் இருக்கிறதாம். பழைய வயலின்காரருக்குக் கட்டுப் பிரிக்க மே ஆகும். ஏப்ரலில் இரண்டு கச்சேரி, வருவியா? ஒன்றுக்கு வருகிறேன் என்றேன். இன்னொன்றுக்குப் பரமசிவம் சாரைக் கூப்பிடுங்கள் என்றேன். தம்ளரைப் பிடித்தால்தான் கை நடுங்கும், வில்லைப் பிடித்தால் நடுங்காது, அவரால் முடியாது என்று முதலில் சொன்னது நான்தான் என்றேன்.

 "சரி" என்றார் லோகாம்மா. "அதை என்கிட்ட சொல்லிட்டே. அவர்கிட்ட யார் சொல்றது?"

போனை வைத்துவிட்டுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பரமசிவம் சார் நம்பரைப் போட்டேன். மணி போனது. இடது காதில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். வலது பக்கம் அந்த இரைச்சல் பஞ்சமத்துக்குக் கீழேயே இருந்தது. மணி போய்க்கொண்டே இருந்தது. காபி நேரம். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வர அவருக்குக் கொஞ்சம் ஆகும்.

வைக்காமல் நின்றேன். எடுத்தார்.